ஒன்றேகால் மைல் தூரத்தில் ஒரு விடுதி

விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. முதல் தெரிவுக்கு ஒன்று, இரண்டாம் தெரிவுக்கு ஒன்று. அந்த இரண்டு கோடுகளை நிரப்ப ஸக்கியாவின் வீட்டில் ஒன்பது நாள் பிடித்தது.

ஸக்கியாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அலுவிகாரைக்குப் பக்கத்தில் இருந்த முஸ்லிம் பாடசாலையில் பதினோரு வருடமாக உதவி ஆசிரியை. எஸ்.எஸ்.சி. தேறியிருந்தாள், ஆனால் பயிற்சி பெறாதவள். பயிற்சிக் கல்லூரிப் பரீட்சைக்கு இதற்கு முன் இரண்டு முறை விண்ணப்பித்திருந்தாள். ஒரு முறை ஹமீமா வயிற்றில் இருந்தாள். மற்ற முறை ரவூப். மூன்றாம் முறை வயிற்றில் யாரும் இல்லை. பரீட்சை எழுதினாள், தேறினாள். இனி எந்தக் கல்லூரி என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

தெற்கே கடலோரத்தில் முஸ்லிம் பெண்களுக்கென்றே ஒரு கல்லூரி இருந்தது. மாத்தளைப் பட்டினத்துக்கும் அலுவிகாரைக்கும் நடுவே, பழைய கொக்கோத் தோட்ட பங்களாவில், புதிதாக இன்னொன்று திறந்திருந்தார்கள். அங்கே எல்லாச் சாதி சமயப் பெண்களும் படித்தார்கள். அது ஸக்கியாவின் வீட்டிலிருந்து ஒன்றேகால் மைல்.

"தூரத்துக் கல்லூரிதான் சரி" என்றார் ஹவ்வா மதினி. ஸக்கியாவின் கணவனுக்கு மூத்த சகோதரி. பிள்ளை குட்டி இல்லாதவர். கணவன் மௌத்தான பிறகு உக்குவெலையில் தனியாக இருந்தவர், ஸக்கியா படிக்கப் போனால் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார். "அங்க எல்லாம் நம்மட புள்ளைகள். தொழ இடம் இருக்கும். சாப்பாட்டுக்குப் பயமில்ல. இங்க யார் சமைச்சதோ, எந்தச் சட்டியோ."

"அங்க போய்ட்டா பார்த்துட்டு வர ஒரு நாள் முழுக்க ரயில்ல குந்தணும்" என்றான் றஹீம். அவன் இ.போ.ச. எனும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் சாரதி, மாத்தளை - தம்புள்ளை பாதையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய்வருகிறவன். தூரத்தைப் பற்றிப் பேச அந்த வீட்டில் தனக்குத்தான் உரிமை என்று நினைப்பவன். "புள்ளைக்குக் காய்ச்சல் எண்டு தந்தி அடிச்சா, இவ வந்து சேர்றதுக்குள்ள காய்ச்சல் சொகமாகிரும்."

ஸக்கியா இருவர் சொன்னதையும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் கணக்கைப் போட்டாள். வகுப்பு நாலு மணிக்கு முடியும். நடந்தால் அரை மணி நேரம். வீட்டுக்கு வந்து சமைக்கலாம், பிள்ளைகளோடு தூங்கலாம், விடிந்ததும் திரும்பிப் போகலாம். அறிவித்தலில் பதினோராவது விதி, பயிற்சி ஆசிரியைகள் அனைவரும் விடுதியில் தங்குதல் வேண்டும் என்று சொன்னது. அதை அவள் வாசிக்காமல் இல்லை.

"அது தூரத்துப் புள்ளைகளுக்குப் போட்ட சட்டம். வீட்டுக் கூரை தெரியிற தூரத்துல இருக்கிறவளுக்கு என்னத்துக்கு விடுதி?" என்றான் றஹீம்.

ஒன்பதாம் நாள் ஸக்கியா பேனையை எடுத்து முதல் கோட்டில் பக்கத்துக் கல்லூரியை எழுதினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து ஜனவரியில் கல்லூரி தொடங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தகரப் பெட்டியில் நாலு சேலை, தொழுகை விரிப்பு, ஒரு கோப்பை, ஒரு தலையணை எல்லாம் வைத்துக்கொண்டு போனாள். பங்களாவின் மேல்மாடியில் நீளமான ஒரு கூடம்; பதினெட்டுக் கட்டில்கள். அவள் உள்ளே காலை வைத்ததும் கட்டில்களில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சட்டென்று எழுந்து நின்றார்கள்.

"குட் மோர்னிங் மிஸ்" என்றாள் முன்னால் நின்றவள்.

ஸக்கியாவுக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல் இருந்தது. "நானும் படிக்கத்தான் வந்தேன்" என்றாள்.

யாரோ கிளுக்கென்று சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்பதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்கள். குட் மோர்னிங் சொன்னவள்தான் வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். எல்கடுவத் தோட்டத்துப் பெண், பெயர் கமலாட்சி, வயது இருபது. "எனக்குப் பக்கத்துக் கட்டில் காலியா இருக்குங்க. யன்னலோரம், காத்து வரும்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அக்கான்னு கூப்புடலாங்களா?" என்று கேட்டாள்.

"நான் இங்க தங்க மாட்டேன். அதிபரைப் பார்த்துட்டு பின்னேரம் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் ஸக்கியா.

கல்லூரி அதிபர் கிருஷ்ணம்மா நாற்பது வயதுப் பெண்மணி. சொல்லை அளந்து பேசுகிறவர். ஸக்கியா சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"உங்க வீடு எவ்வளவு தூரம்?"

"ஒன்றேகால் மைல், மிஸ்."

"மட்டக்களப்பிலிருந்து ரெண்டு பிள்ளைகள் வந்திருக்காங்க. நுவரெலியாவிலிருந்து ஒருத்தி. அவங்களுக்கும் வீட்டு ஞாபகம் இருக்கும்."

"அவங்களுக்கு வீட்டுல தாய் தகப்பன், மிஸ். எனக்குப் புள்ளைகள்."

அதிபர் மேசையில் இருந்த பேனையை எடுத்து மறுபடி வைத்தார். "அது தெரியும். ஆனா உங்களை விட்டா, நாளைக்குப் பட்டினத்துப் பிள்ளைகள் எல்லாம் கேப்பாங்க. மாசத்துல ஒரு சனி ஞாயிறு வீட்டுக்குப் போகலாம். ஞாயித்துக்கிழமை மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் உங்களைப் பார்க்க வரலாம். அதுக்கு மேல என்னால ஏலாது."

அன்று பின்னேரம் ஸக்கியா யன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து வெளியே பார்த்தாள். அலுவிகாரைப் பாறை தெரிந்தது. பாறைக்கு இந்தப் பக்கம் ஒரு பலாமரம். அதற்குக் கீழே அவள் வீட்டுக் கூரை இருக்க வேண்டும், மரம் மறைத்தது. புகை மட்டும் எழும்பியது. அது தன் வீட்டு அடுப்புப் புகையா, பக்கத்து வீட்டுப் புகையா என்று கண்டுபிடிக்கப் பார்த்தாள். கடலோரத்துக்குப் போயிருந்தால் இந்தப் புகையைப் பார்க்க வேண்டியிருக்காது என்ற எண்ணம் அப்போதுதான் முதல் தடவையாக வந்தது.

அதற்குப் பிறகு அந்த எண்ணம் அடிக்கடி வந்தது. ஏனென்றால் வீடு அவளைச் சும்மா விடவில்லை.

மூன்றாம் நாளே பகல் இடைவேளையில் ஹவ்வா மதினி கல்லூரி கேட்டுக்கு வந்துவிட்டார். கேட்டுக் காவலாளி செல்லச்சாமிக்கு றஹீமின் பஸ்ஸில் போய்வந்த பழக்கம். "அஞ்சு நிமிஷம்தாங்க, அதிபரம்மா கண்டா என்னைத்தான் ஏசுவாங்க" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

"அலுமாரித் தெறப்பு எங்க வச்சே?" என்று சாவியைக் கேட்டார் மதினி.

"மேசை லாச்சியில, மதினி. வலது பக்கம்."

மறுநாள் கொத்தமல்லி எந்தப் போத்தலில் என்று கேட்க வந்தார். அதற்கு மறுநாள், ஹமீமா எண்ணெய் வைக்க விடமாட்டேன் என்கிறாள் என்று முறைப்பாடு சொல்ல வந்தார். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று, "ரவூபுக்கு முன் பல்லு விழுந்துட்டு. கூரையில எறியவா, மண்ணுல புதைக்கவா? அவன் உம்மாகிட்ட கேட்டுட்டு வாங்க எண்டு அழுவுறான்" என்றார். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம், அதற்குள் பல்.

ஸக்கியா பொட்டலத்தைக் கேட்டுக் கம்பிக்கு இடையில் வாங்கிப் பார்த்தாள். அரிசி போல இருந்தது. "கூரையில எறியச் சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். வகுப்புக்குத் திரும்பியபோது உளவியல் பாடம் பாதி முடிந்திருந்தது. குழந்தையின் மனவளர்ச்சி பற்றி விரிவுரையாளர் சொல்லிக்கொண்டிருந்தார். ஸக்கியா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, இனி அந்தப் பல்லிருந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

றஹீம் கேட்டுக்கு வரவில்லை. அவனுக்கு வேறு வழி இருந்தது. காலை ஆறு இருபதுக்கு மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும்போதும், பின்னேரம் நாலே முக்காலுக்குத் திரும்பி வரும்போதும், கல்லூரி வாசலில் இரண்டு தடவை நீளமாக ஹோர்ன் அடித்தான். ஆறு இருபது ஹோர்னுக்குச் சில பெண்கள் எழும்பப் பழகிவிட்டார்கள். ஸக்கியா அந்தச் சத்தம் கேட்டதும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

மார்ச் மாதம் முதல் பரீட்சை வந்தது. உளவியலில் ஸக்கியாவுக்கு இருபத்தொன்பது புள்ளி. பதினோரு வருடமாகப் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் புள்ளி போட்டவள், தன் பெயருக்கு நேரே இருபத்தொன்பதைக் கண்டதும் தாளை நாலாக மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். வகுப்பில் அதைவிடக் குறைவாக எடுத்தவர் யாரும் இல்லை.

அந்தக் கிழமைதான் வலைப்பந்து விளையாட ஒரு ஆள் குறைந்தது. நுவரெலியாக்காரிக்குக் கால் சுளுக்கு. கமலாட்சி மூச்சிரைக்க மேல்மாடிக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, வாங்க. ஆள் இல்ல. சும்மா நின்னா போதும்."

"எனக்கா? எனக்கு ரெண்டு புள்ளை."

"புள்ளைங்களை யாரு கேட்டா? நெட்டையா இருக்கீங்க, அது போதும்."

ஸக்கியா சேலையை இடுப்பில் இழுத்துச் சொருகி, முந்தானையால் தலையை இறுகக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். பதினாலு வயதில் பள்ளிக்கூட மைதானத்தில் விட்ட பந்து. கைக்கு வந்ததும் அது கையிலேயே இருந்தது போலத்தான் இருந்தது. வளையத்தைப் பார்த்தாள், எறிந்தாள். உள்ளே விழுந்தது. பெண்கள் கத்திய கத்தலில் செல்லச்சாமி கேட்டை விட்டு எட்டிப் பார்த்தான். அடுத்ததும் விழுந்தது. அன்றைக்கு ஒன்பது தடவை விழுந்தது. நுவரெலியாக்காரியின் கால் சுகமான பிறகும் ஸக்கியாவை யாரும் விடவில்லை.

பின்னேரம் நாலரை மணி எப்போது வரும் என்று ஸக்கியா எதிர்பார்க்கத் தொடங்கினாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் கமலாட்சியும் அவளும் ஒரே மேசையில் இருந்து படித்தார்கள். கமலாட்சி வாய்விட்டு வாசிப்பாள்; ஸக்கியா கேட்டுக்கொண்டே, "இது எங்க வகுப்புல ஒரு புள்ளை அப்படியே செஞ்சான்" என்று உதாரணம் சொல்வாள். புத்தகத்தில் மூன்று பந்தியில் இருந்தது ஸக்கியாவின் ஒரு கதையில் கமலாட்சிக்கு விளங்கிவிடும். சாப்பாட்டைப் பற்றி மதினி பட்ட பயத்துக்கும் தேவை இருக்கவில்லை. கிழமையில் நாலு நாள் மரக்கறி, மற்ற மூன்று நாள் மீன். இறைச்சி அந்தக் குசினிக்குள் வந்ததே இல்லை.

ஒருநாள் விளையாட்டு மும்முரமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஆறுக்கு ஆறு புள்ளி. பந்து ஸக்கியாவின் கையில். அவள் வளையத்தைப் பார்த்துக் கையை உயர்த்திய நேரம், பாதையில் நீளமாக ஹோர்ன் சத்தம். அவள் பாதைப் பக்கம் திரும்பினாள், பந்து கம்பத்தில் பட்டு எங்கோ போனது.

கமலாட்சிக்குக் கோபம் தாங்கவில்லை. "அந்த பஸ்காரனுக்கு என்னதான் வேலை? தெனமும் நம்ம கேட்டுக்கு முன்னால வந்துதான் அடிக்கிறான். மிஸ்கிட்ட சொல்லி டிப்போவுக்கு ஒரு பெட்டிசம் போடணும்!"

"போட்டுறாதீங்க. அந்த பஸ்காரன் எங்க வீட்டுக்காரர்" என்றாள் ஸக்கியா.

கமலாட்சி மைதானத்திலேயே குந்திவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். கடைசியில் ஸக்கியாவும் சிரித்தாள். அவ்வளவு சத்தமாகச் சிரித்து எத்தனை வருடம் இருக்கும் என்று அவளுக்கே தெரியவில்லை.

கல்லூரித் தவணை முடிய இரண்டு நாள் இருக்கையில் அதிபர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் ஒரு கடிதம் இருந்தது.

"கடலோரத்துக் கல்லூரியில அடுத்த தவணைக்கு ஒரு இடம் காலியாகுது. நான் எழுதினா உங்களை எடுப்பாங்க" என்றார். "உங்க புள்ளியைப் பார்த்தேன். கேட்டுல நடக்கிறதும் எனக்குத் தெரியும். செல்லச்சாமி திரும்பி நிக்கிறதால எனக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனைக்கிறான். அங்க போனீங்கன்னா யாரும் தேடி வரமாட்டாங்க. நிம்மதியாப் படிக்கலாம். வீட்டுல பேசிட்டு லீவு முடிஞ்சு வந்து சொல்லுங்க."

ஏப்ரல் விடுமுறைக்கு ஸக்கியா வீட்டுக்குப் போனாள். மாதம் ஒரு முறை வந்து போன இரண்டு நாள்களில் எதையும் சரியாகக் கவனித்ததில்லை. பிள்ளைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே நேரம் போய்விடும். இப்போதுதான் வீட்டை ஆற அமரப் பார்த்தாள். குசினியில் போத்தல்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. மாறிய இடம் வசதியாகத்தான் இருந்தது. ஹமீமா தானே தலை வாரி இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டாள். ரவூப் மாமியோடு, அதாவது ஹவ்வா மதினியோடு, படுத்துத் தூங்கினான். உம்மாவோடு வந்து படு என்றதற்கு, "மாமி பயந்துக்குவாங்க" என்றான். வெள்ளிக்கிழமை லீவு நாளில் றஹீம் தானே மீன் கழுவி ஆணம் வைத்தான். அதில் புளி கொஞ்சம் கூடிப்போனதுதான். ஆனால் எல்லாரும் அதையே விரும்பிச் சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் ஸக்கியாவுக்கு மனம் சுருங்கிப் போயிற்று. நான் இல்லாமலும் இந்த வீடு ஓடுகிறதே என்று நினைத்தாள். மூன்றாம் நாள் அந்தச் சுருக்கம் மெல்ல விட்டது. ஓடினால் நல்லதுதானே? ஐந்தாம் நாள் பின்னேரம் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் ஏதோ தோன்றி நிமிர்ந்து வெயிலைப் பார்த்தாள். நாலரை மணி இருக்கும். கமலாட்சி இப்போது எல்கடுவவில் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தாள். மேசையும், வாய்விட்டு வாசிக்கிற குரலும், யன்னலோரக் கட்டிலும் நினைவுக்கு வந்தன. அவள் வாழ்க்கையில் தனக்கென்று மட்டும் ஒரு கட்டில் கிடைத்தது அதுதான் முதல் தடவை. கல்லூரி திறக்க இன்னும் பதினாறு நாள் இருந்தது. பதினாறு நாளா என்று அவள் மனம் சலித்துக்கொண்டது. சலித்ததை உணர்ந்ததும் துவைத்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

றஹீம் வாளியில் தண்ணீர் அள்ள வந்தான். அவள் முகத்தைப் பார்த்து, "என்ன புள்ள?" என்று கேட்டான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு அங்க சந்தோஷமா இருக்கு."

றஹீம் வாளியைக் கீழே வைத்தான். ஸக்கியா தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சொன்னாள்: "புள்ளைகளை நெனச்சு அழுதுருக்கேன், இல்லேங்கல. ஆனா அங்க இருந்தா வீட்டு நெனப்பு, இங்க வந்தா அந்த நெனப்பு. பந்து விளையாடுறேன் தெரியுமா? சேலையைச் சொருகிக்கிட்டு. முப்பத்திரண்டு வயசுல. இதெல்லாம் ஒரு தாய்க்கு அடுக்குமா எண்டு எனக்கே தெரியல."

"பந்தா?" என்றான் றஹீம். "நாலே முக்காலுக்கா?"

"ம்."

"கேட்டுக்குள்ள ஒரு பெரிய கும்பல் கத்துற சத்தம் கேக்கும். அதுல நீயும் இருந்தியா?"

"கத்துறதே என்னாலதான்."

றஹீம் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான். "நான் நெனச்சேன், நீ அந்த யன்னல்ல குந்திக்கிட்டு அழுதுக்கிட்டு இருப்பே எண்டு. அதுக்குத்தான் ஹோர்ன் அடிச்சேன். தனியா இல்லேங்கிறது தெரியட்டும் எண்டு. பெசஞ்சர்மாரெல்லாம் கேக்குறாங்க, ரோட்டுல ஆடு மாடு ஒண்ணுமில்லையே, ஏன் அடிக்கிறே எண்டு."

"காலையில அடிங்க. அதுக்குத்தான் அங்க பாதிப் புள்ளைகள் எழும்புது. பின்னேரம் வேணாம். பந்து தவறுது."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நான் கோவிக்கல்ல. நீ அழுதுக்கிட்டு இருக்கே எண்டு நெனச்சுத்தான் மூணு மாசமா எனக்கு நெஞ்சு பாரம்" என்றான். வாளியை எடுத்துக்கொண்டு நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "என் மீன் ஆணம் எப்படி?"

"புளி கூட."

"எல்லாரும் நல்லம் எண்டாங்களே?"

"நானும் நல்லம் எண்டுதான் சொல்றேன்."

கடலோரத்துக் கல்லூரிப் பேச்சை அவள் அன்று இரவுச் சாப்பாட்டில் எடுத்தாள். மதினி முதலில் மகிழ்ந்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார். பிறகு கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கேட்டுல வந்து பேச ஏலாது, என்ன?" என்று கேட்டார்.

"ஏலாது மதினி. ரயில்ல ஒரு நாள் பயணம்."

"அலுமாரித் தெறப்பு எங்க இருக்கு எண்டு எனக்குத் தெரியும்" என்றார் மதினி மெல்ல. "கொத்தமல்லிப் போத்தலும் எனக்குத் தெரியும். கண்ணால பார்த்தா தெரியாதா? புள்ளைகள் பள்ளிக்கூடம் போயிரும், இவன் தம்புள்ளைக்குப் போயிருவான். பகலெல்லாம் வீட்டுல ஒரு குரல் கேக்காது. ஒங்கிட்ட வந்து நாலு வார்த்தை பேசிட்டுப் போனா, அன்னைக்கு ஆளோட இருந்த மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு காரணம் சொல்ல வேணாமா?"

ஸக்கியா இதை எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து மதினியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதம் அந்தக் கேட்டில் நின்று, எப்போது போவார் எப்போது போவார் என்று மணியைப் பார்த்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை வாங்க மதினி. மூணு மணிக்கு வந்து அஞ்சு மணி மட்டும் இருங்க. கேட்டுல இல்ல, உள்ள வந்து கதிரையில குந்திப் பேசலாம். மத்த நாள் எனக்குப் பாடம். பகல்ல இங்க குரல் கேக்க வழி பண்ணுவோம். அடுத்த வீட்டு ஸுபைதாவுக்குத் தைக்கப் பழகணும் எண்டு ஆசை. ஒங்களுக்குத்தான் தையல் தெரியுமே."

"அவளுக்குக் கையே வளையாது" என்றார் மதினி. ஆனால் சோற்றை வாயில் வைத்தார்.

விடுமுறை முடிந்து ஸக்கியா அதிபரின் அறைக்குப் போய், "நான் இங்கேயே இருக்கேன், மிஸ்" என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"போன தடவை படிவம் நிரப்பினப்ப வீடு எவ்வளவு தூரம் எண்டுதான் பார்த்தேன். கல்லூரியைப் பார்க்கல்ல. இப்ப பார்த்துட்டேன், மிஸ். எனக்கு இது புடிச்சிருக்கு."

அதிபர் கடிதத்தை எடுத்துக் கிழித்துக் கூடையில் போட்டார். "புள்ளியை நான் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றார்.

அடுத்த தவணையில் உளவியலுக்கு ஐம்பத்தாறு. அதற்கடுத்து அறுபத்து மூன்று. மதினி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் பழக்க தோஷத்தில் கேட்டு வரைக்கும் வந்துவிட்டார், ஒரு தூக்குச் சட்டியில் வட்டிலப்பத்தைச் செல்லச்சாமியின் கையில் கொடுத்து, "கூப்பிட வேணாம், பாடம் நடக்கும். மிஸ்ஸுக்கும் ஒரு துண்டு குடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாராம். அதிபரும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

இரண்டாம் வருடம் கற்பித்தல் பயிற்சிக்கு ஆறு கிழமை வெளியே போக வேண்டும். பட்டினத்துப் பாடசாலைகள் எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எல்கடுவத் தோட்டப் பாடசாலைக்கு இரண்டு பேர் வேண்டும், கமலாட்சி ஒருத்தி. "நானும் போறேன்" என்று ஸக்கியா சொன்னபோது அதிபர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டிலிருந்து இன்னும் தூரம், ஞாயிற்றுக்கிழமைக்கு யாரும் சுலபமாக வர முடியாது என்று சொல்லிப் பார்த்தார். "தெரியும், மிஸ்" என்றாள் ஸக்கியா.

கமலாட்சியின் வீட்டில்தான் தங்கினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இரண்டு அறை. தகப்பன் அழகுமுத்து தேயிலைத் தொழிற்சாலையில் வேலை; தாய் மாரியாயி கொழுந்து பறிக்கிறவர். ஸக்கியா வந்த அன்றே மாரியாயி உள்ளறையில் ஒரு மூலையைச் சாணம் போட்டு மெழுகி, "இங்க தொழுதுக்கிடலாங்க. இந்தப் பக்கம் யாரும் வரமாட்டோம்" என்றார். பாடசாலை ஒரே கூடம். ஐந்து வகுப்பும் அதற்குள்ளே. மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் சொல்வது ஒன்றும் கேட்காது. அப்போது ஸக்கியா பேச்சை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கையால் கணக்குச் சொன்னாள். பிள்ளைகளும் விரல்களால் விடை சொன்னார்கள். ஒரு நாள் அந்த மழையிலேயே விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்து வாசலில் குடையோடு நின்று பார்த்தார். அறிக்கையில் என்ன எழுதினார் என்று தெரியாது. போகும்போது தானும் ஐந்து விரலைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்த வருடக் கடைசியில் ஸக்கியா முதலாம் பிரிவில் தேறினாள். நாவுலைப் பக்கம் ஒரு பாடசாலைக்கு நியமனம் வந்தது. கமலாட்சிக்கு எல்கடுவவே கிடைத்தது. அது பிறகு வந்த கதை.

அதற்கு முன்னால், எல்கடுவப் பயிற்சியின் நாலாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து ஸக்கியா அடுத்த நாள் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். லயத்து வாசலில் குரல்கள். எட்டிப் பார்த்தால் றஹீம், மதினி, இரண்டு பிள்ளைகள். மலை வளைவுகளில் வந்ததில் ரவூபுக்குத் தலை சுற்றி முகம் வெளுத்திருந்தது.

"இந்தப் பாதையில பஸ் ஓட்டுறவனுக்கு லைசன் குடுத்தது யாரு?" என்றான் றஹீம் சலாம் சொல்வதற்கு முன்னமே. "ஒரு வளைவுல கூட ஹோர்ன் அடிக்கல்ல!"

மாரியாயி எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். மதினி பாயில் உட்கார்ந்து முதலில் கோப்பையைப் பார்த்தார், பிறகு மாரியாயியின் முகத்தைப் பார்த்தார், பிறகு குடித்தார். "இந்தத் தேத்தண்ணி நம்மட கடையில வாங்குற தூள் இல்ல. இதுக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டார். மாரியாயி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். ஹமீமா கமலாட்சியோடு கொழுந்து மலையைப் பார்க்கப் போனாள். றஹீமும் அழகுமுத்துவும் வாசலில் நின்று பாதையைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். ரவூபுக்கு முகத்தில் இரத்தம் திரும்பி வந்ததும் அவன் லயத்துப் பிள்ளைகளோடு ஓடிவிட்டான்.

ஸக்கியா வாசலுக்கும் உள்ளுக்குமாக இரண்டு முறை நடந்தாள். எல்லாரும் பேச்சில் இருந்தார்கள். யாருக்கும் அவளிடம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாடக்குறிப்பில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

"நீ போய் எழுது. நாங்க நாலு மணி பஸ்ஸுக்குத்தான் போவோம்" என்றார் மதினி, மாரியாயியின் பக்கம் திரும்பியபடியே.

அவள் உள்ளே போய், கொப்பியைத் திறந்து, இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடம் என்று எழுதிய இடத்திலிருந்து தொடர்ந்து எழுதினாள்.